கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை: சுவரிலிருந்து மதர்போர்டு வரை கரண்டைத் தேடிப் போவது எப்படி

ஆன் ஆகாத கம்ப்யூட்டரைப் பார்த்ததும் "போர்டு (மதர்போர்டு) போயிருக்கும்" என்று சொல்லிவிடுவது சுலபம். குன்னூரிலோ கோத்தகிரியிலோ அந்தச் சொல்லைக் கேட்டவர், பெட்டியைப் போர்வையில் சுற்றி பஸ்ஸில் ஏற்றி, மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூர் வரை போய் வருகிறார். ஒரு நாள் பிழைப்பு கெடுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிய குலுக்கலில் நன்றாக இருந்த ரேமும் இடம் நகர்ந்துவிடுகிறது. அங்கே போய்ப் பார்த்தால் பழுது பவர் கார்டிலோ, முன்பக்க சுவிட்சிலோ, பெட்டிக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலோ இருக்கும். இவை எல்லாமே வீட்டு மேசையில் வைத்துக் கண்டுபிடிக்கக் கூடியவை. தேவைப்படுவது ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு காகிதக் கிளிப், கொஞ்சம் பொறுமை.

மின்சாரம் பெட்டிக்குள் ஒரே தாவலில் போய்விடுவதில்லை. சுவர் பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அல்லது யுபிஎஸ், பவர் கார்டு, எஸ்எம்பிஎஸ், 24 பின் கனெக்டர் (எஸ்எம்பிஎஸ் ஒயர்களைப் போர்டில் மாட்டும் பெரிய சொருகி), மதர்போர்டு என்று கை மாறிக் கை மாறிப் போகிறது. எந்தக் கையில் நின்றுவிட்டது என்று பார்ப்பதுதான் வேலை. சுவரிலிருந்து தொடங்கி வரிசையாகப் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றி கம்ப்யூட்டர் ஓடிவிட்டால், எது பழுது என்பது கடைசி வரை தெரியாது. அடுத்த வாரம் அதே பழுது திரும்பி வரும்.

எஸ்எம்பிஎஸ் என்ன செய்கிறது?

கேபினெட்டின் பின்புறம், பவர் கார்டு சொருகும் இடத்தில் இருக்கும் இரும்புப் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசி மின்சாரத்தை அது முதலில் 325 வோல்ட் அளவுள்ள டிசியாக மாற்றுகிறது. பிறகு அதை விநாடிக்குப் பல்லாயிரம் முறை நறுக்கி, ஒரு சிறிய டிரான்ஸ்பார்மர் வழியாக இறக்கி, 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று பிரித்துக் கொடுக்கிறது. மஞ்சள் ஒயர் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு கிரவுண்டு. பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, ஃபேன் எல்லாம் 12 வோல்ட்டை நம்பி இருப்பவை.

இவை தவிர ஊதா ஒயர் ஒன்று உண்டு. அது அணையா விளக்கு மாதிரி. கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், சுவர் சுவிட்ச் போட்டிருக்கும் வரை அதில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். முன்பக்கப் பட்டனை அமுக்குவதை மதர்போர்டு உணர்வதே இந்த ஊதா ஒயரின் தயவில்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதிச் சோதனை இதை நம்பித்தான் நடக்கிறது.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த 300 சொச்சம் வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். உள்ளே ஃபியூஸ் எரிந்திருந்தால் ஃபியூஸ் மட்டும் மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஃபியூஸ் சும்மா எரிவதில்லை. ரெக்டிஃபையரோ ஸ்விட்சிங் டிரான்ஸிஸ்டரோ ஷார்ட் ஆனதால் எரிந்திருக்கும். புது ஃபியூஸும் அடுத்த நொடியே வெடிக்கும். கீழே சொல்லும் எல்லாச் சோதனைகளும் அந்தப் பெட்டிக்கு வெளியே செய்பவை.

முதலில் சுவர்

அதே பிளக்கில் மொபைல் சார்ஜரையோ மேசை விளக்கையோ போட்டுப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் மாதிரி இருக்கும் டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் அறுந்திருந்தாலும், கரண்ட் வரும் ஃபேஸில் டெஸ்டர் பளிச்சென்று எரியும். "டெஸ்டர் எரியுது, ஆனா எதுவும் ஓடல" என்றால் முதலில் நியூட்ரலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மல்டிமீட்டர் இருந்தால் ஏசி 750 வோல்ட் நிலையில் (சில மீட்டரில் 600) வைத்து மூன்று அளவு எடுங்கள். ஃபேஸ், நியூட்ரல் இடையே 230 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஃபேஸ், எர்த் இடையேயும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரல், எர்த் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. இரண்டாவது அளவு வரவே இல்லை என்றால் அந்தப் பிளக்கில் எர்த் இல்லை என்று பொருள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று பலர் சொல்வது இதனால்தான். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சிறு கெப்பாசிட்டர்கள், எர்த் இல்லாதபோது கேபினெட்டின் இரும்பில் சுமார் 115 வோல்ட்டைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. கரண்ட் மிகச் சிறியது என்றாலும், பென் டிரைவ் சொருகும்போதும் மானிட்டர் கேபிள் மாட்டும்போதும் அது போர்ட்டைத் தின்றுவிடும். இது கம்ப்யூட்டர் கடைக்காரர் வேலை இல்லை, வயர்மேன் வேலை.

மலையில் இன்னொரு தனிச் சிக்கல் ரூம் ஹீட்டர். 2000 வாட் ஹீட்டர் 8.7 ஆம்பியர் இழுக்கும். கம்ப்யூட்டர் இருக்கும் 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே அதையும் சொருகினால், பாக்ஸின் உள்ளே பித்தளைத் தகடு சூடேறி நெகிழ்ந்து பிடிப்பு விட்டுவிடும். ஒரு மார்கழி முழுக்க அப்படி ஓட்டிய பாக்ஸைத் திருப்பிப் பாருங்கள்: துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி, தொட்டால் லேசாகக் குழிந்திருக்கும். அந்தத் துளையில் எதைச் சொருகினாலும் ஆடும். கம்ப்யூட்டர் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது, கால் பட்டால் அணையும். இப்படிப்பட்ட பாக்ஸைத் தட்டிக் கொட்டிப் பயன்படுத்தாமல் தூக்கிப் போடுங்கள். ஹீட்டரும் கீசரும் 16 ஆம்பியர் பிளக்கில் தனியாக இருக்கட்டும்.

அடுத்து யுபிஎஸ். சோதனை முடியும் வரை யுபிஎஸ்ஸைத் தள்ளிவைத்துவிட்டு நேராகச் சுவரில் சொருகுங்கள். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸில் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று இருக்கும். இரண்டு மூன்று ஆண்டில் அது தளர்ந்துவிடும். குளிரில் லெட் ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு இன்னும் குறையும். பேட்டரி செத்த சில யுபிஎஸ்கள் சுவரில் கரண்ட் இருக்கும்போதுகூட ஆன் ஆக மறுக்கும். நேரே சொருகியதும் கம்ப்யூட்டர் ஓடினால் பேட்டரியை மாற்றுங்கள், வேலை முடிந்தது.

பவர் கார்டையும் மாற்றிப் பாருங்கள். மானிட்டருக்கும் சிபியுவுக்கும் பெரும்பாலும் ஒரே மாதிரி கார்டுதான். மானிட்டர் எரிகிறது என்றால் அதன் கார்டைக் கழற்றி இங்கே சொருகுவது அரை நிமிட வேலை. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் உள்ள சுவிட்சில் கோடு போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஆஃப். துடைக்கும்போது யாரோ தட்டிவிட்டிருப்பார்கள். பழைய எஸ்எம்பிஎஸ் என்றால் பக்கத்தில் 115, 230 என்று எழுதிய சிவப்பு நகர்த்தி இருக்கும். அது 230இல் இருக்க வேண்டும். 115இல் வைத்து நம் ஊர்க் கரண்டைக் கொடுத்தால் உள்ளே வோல்டேஜ் இரட்டிப்பாகி, சத்தத்தோடு வெடிக்கும். குழந்தைகள் விளையாடும் வீட்டில் அதன் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுவது நல்லது.

மழைக்காலம் மலைக்குச் செய்வது

1932இல் பைக்காராவில் நீர்மின் நிலையம் தொடங்கிய காலத்திலிருந்து இந்த நீலகிரி மலை சமவெளிக்குக் கரண்ட் அனுப்பி வருகிறது. ஆனால் மலையில் இருக்கும் வீடுகளுக்கு வரும் லைன் யூகலிப்டஸ், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்துதான் வருகிறது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழையும் காற்றோடு வரும்போது கிளை முறிந்து ஒயரில் விழும். கரண்ட் போவது பெரிய ஆபத்து இல்லை. நியூட்ரல் மட்டும் அறுவதுதான் ஆபத்து. அப்போது ஒரு ஃபேஸ் வீட்டுக்குள் 230க்குப் பதில் 300, சில நேரம் 400 வோல்ட் வரைகூட வந்துவிடும்.

இதற்கு அறிகுறி உண்டு. உங்கள் வீட்டு பல்பு வழக்கத்தை மீறி வெள்ளையாக எரியும். பக்கத்து வீட்டில் அதே நேரம் மங்கலாக எரியும். அதைக் கண்டதும் எதையும் யோசிக்காமல் மெயினை அணையுங்கள். பிறகு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லுங்கள். அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த எஸ்எம்பிஎஸ்ஸில், முன்வாசலில் இருக்கும் வேரிஸ்டர் என்ற வட்டத் தகடு தன்னை எரித்துக்கொண்டு ஃபியூஸைப் போக்கியிருக்கும். கிரில் வழியே மோந்து பார்த்தால் கருகிய வாசனை வரும். அப்படியானால் எஸ்எம்பிஎஸ் போனது உறுதி; ஆனால் போர்டு பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. "எல்லாமே போச்சு" என்ற முடிவுக்கு அவசரப்பட வேண்டாம்.

இடி மின்னலுக்குச் சுவர் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும். இன்டர்நெட் ஒயர் செம்புக் கேபிளாக மரத்துக்கு மரம் தாவி வருகிறது என்றால் அதையும் பிடுங்க வேண்டும். அந்த ஒயர் சொருகும் லேன் போர்ட் வழியாக வந்த மின்னல் போர்டை எரித்து, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒன்றும் ஆகாமல் இருப்பதும் நடக்கிறது.

அணையா விளக்கு எரிகிறதா?

சுவர், கார்டு, சுவிட்ச் சரி. இனி பெட்டி. முதலில் பிளக்கைப் பிடுங்கி, முன்பக்கப் பட்டனை முப்பது விநாடி அமுக்கிப் பிடியுங்கள். மிச்சம் மீதி கரண்ட் வடிந்துவிடும். திரும்பச் சொருகிப் பட்டனைத் தட்டுங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கியதால் பாதுகாப்பு நிலைக்குப் போய்ப் பூட்டிக்கொண்ட எஸ்எம்பிஎஸ் பல இதிலேயே உயிர் பெற்றுவிடும்.

பெறவில்லை என்றால் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள். பல மதர்போர்டுகளில், கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் எரியும் ஒரு சிறிய எல்இடி இருக்கும். அது எரிந்தால் ஊதா ஒயர் வேலை செய்கிறது. சந்தேகம் முன்பக்க சுவிட்ச் மீது திரும்ப வேண்டும். அந்தச் சுவிட்சிலிருந்து வரும் மெல்லிய இரட்டை ஒயர் போர்டின் ஓரத்தில் உள்ள இரண்டு ஊசிகளில் மாட்டியிருக்கும். அந்தச் சொருகியைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு ஊசிகளை மட்டும் தட்டை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு விநாடி சேர்த்துத் தொடுங்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆகிவிட்டால் பழுது சுவிட்ச்தான். மூடுபனி வீட்டுக்குள் புகும் ஊரில் இந்தச் சின்ன சுவிட்சின் உள்ளே களிம்பு பிடிப்பது சாதாரணம். புது சுவிட்ச் கிடைக்கும் வரை ரீசெட் பட்டனின் சொருகியை அந்த ஊசிகளில் மாட்டிவிடுங்கள். ரீசெட் பட்டனே பவர் பட்டனாக வேலை செய்யும். அதற்காக எந்தக் கடைக்கும் போக வேண்டியதில்லை.

மூன்று ஒயரைத் தொட்டால் முக்கால் உண்மை தெரியும்

இந்தச் சோதனையைத் தெரிந்துகொண்டால் எஸ்எம்பிஎஸ் பழுதா, போர்டு பழுதா என்ற குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட் நிலையில் வையுங்கள். 24 பின் கனெக்டர் போர்டில் மாட்டியபடியே இருக்கட்டும். கறுப்புக் கம்பியை ஏதாவது ஒரு கறுப்பு ஒயரின் பின்பக்கத் துளையில் இறக்குங்கள். சிவப்புக் கம்பியால் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். கம்பி நுனி பக்கத்துப் பின்னைத் தொட்டுவிடாமல் கை நிதானமாக இருக்க வேண்டும்.

ஊதாவில் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் வர வேண்டும். ஒன்றுமே வரவில்லையா? கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. கழற்றியதும் 5 வோல்ட் வந்துவிட்டால், போர்டில் எங்கோ ஷார்ட் இருந்து அதை இழுத்துப் பிடிக்கிறது.

அடுத்து பச்சை. அணைந்திருக்கும்போது பச்சையில் 5 வோல்ட்டை ஒட்டிக் காட்டும் (சிலவற்றில் கொஞ்சம் குறைவாக). பட்டனை அமுக்கியதும் போர்டு அதைக் கிரவுண்டோடு சேர்க்கும். மீட்டரில் சுழியத்துக்கு விழ வேண்டும். "எழுந்திரு" என்று போர்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சொல்லும் வழி இதுதான். பச்சை விழுந்தும் எஸ்எம்பிஎஸ் ஓடவில்லை என்றால் ஒன்று எஸ்எம்பிஎஸ் பழுது, இல்லை எங்கோ ஷார்ட். பச்சை விழவே இல்லை என்றால் சொல்ல வேண்டியது சொல்லப்படவில்லை. சுவிட்சையும் போர்டையும் பார்க்க வேண்டும்.

கடைசியாகச் சாம்பல் நிறம். இது எஸ்எம்பிஎஸ் போர்டுக்குத் திருப்பிச் சொல்லும் பதில். எல்லா வோல்டேஜும் சரியாக நின்ற பிறகு, 100 முதல் 500 மில்லி விநாடிக்குள் இதில் 5 வோல்ட் வரும். அது வரும் வரை போர்டு பிராசசரை ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கும். ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை, சாம்பலில் சுழியம் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டியதுதான். "ஃபேன் சுத்துதே, அப்ப எஸ்எம்பிஎஸ் நல்லாத்தானே இருக்கு" என்ற வாதம் இங்கேதான் தோற்றுப்போகிறது. ஃபேன் சுற்ற ஏதோ ஒரு 12 வோல்ட் போதும். பிராசசருக்கு அது போதாது.

ஓடும்போது மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை இருக்கலாம். மஞ்சள் 11.2க்கு இறங்கினால், சும்மா இருக்கும்போது ஓடி, வேலை கொடுத்ததும் ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டராக அது மாறிவிடும்.

புது எஸ்எம்பிஎஸ் சிலவற்றில் எல்லா ஒயரும் கறுப்பாகவே இருக்கும். அங்கே ஊகத்தில் எண்ணிக் குத்த வேண்டாம். அதனுடன் வந்த காகிதத்தில் பின் வரிசைப் படம் இருக்கும். இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ் டெஸ்டர் என்று கிடைக்கும் சிறு கருவியில் சொருகிப் பாருங்கள். கம்பெனிகள் தயாரித்து விற்கும் சிறிய கேபினெட்டுகள் பலவற்றில் 24 பின்னே இருக்காது. 6, 8, 10, 14 பின் என்று அவரவர் முறை. இந்த நிறக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

காகிதக் கிளிப் சோதனை

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக எழுப்பிப் பார்க்க இது. பிளக்கைப் பிடுங்கி, எஸ்எம்பிஎஸ் ஒயர்கள் எல்லாவற்றையும் போர்டு, டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றிலிருந்தும் கழற்றுங்கள். சுமையாக ஒரு பழைய கேபினெட் ஃபேனை மட்டும் மாட்டுங்கள். கிளிப்பை யு வடிவில் வளைத்து, ஒரு முனையைப் பச்சையிலும் மறு முனையைப் பக்கத்துக் கறுப்பிலும் சொருகுங்கள். பச்சையும் கறுப்பும் மட்டுமே. வேறு நிறத்தைத் தொடக் கூடாது. கையை எடுத்த பிறகு சுவர் சுவிட்சைப் போடுங்கள். ஃபேன் சுற்ற வேண்டும். சில எஸ்எம்பிஎஸ் சூடேறும் வரை தன் சொந்த ஃபேனைச் சுற்றவிடாது. அதனால்தான் தனி ஃபேன் மாட்டச் சொல்வது.

சுற்றவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் பழுது என்று நிச்சயமாகச் சொல்லலாம். சுற்றினால் நன்றாக இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஒரு ஃபேனைச் சுமக்கும் கழுதை மூட்டையைச் சுமக்குமா என்பது மூட்டையை ஏற்றினால்தான் தெரியும். அதற்கு நல்லதென்று தெரிந்த இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதே கடைசித் தீர்ப்பு.

ஒரு துள்ளல், பிறகு அமைதி

பட்டனை அமுக்கினால் ஃபேன் கால் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. டிக் என்று ஒரு சத்தம். இது பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் செத்ததன் அடையாளம் இல்லை, எங்கோ ஷார்ட் இருப்பதைக் கண்டு அது தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது. எல்லாவற்றையும் கழற்றுங்கள்: டிஸ்க், டிவிடி, கிராபிக்ஸ் கார்டு, முன்பக்க யுஎஸ்பி ஒயர். போர்டில் 24 பின்னும், பிராசசருக்கான 4 அல்லது 8 பின்னும், பிராசசரும் அதன் ஃபேனும், ஒரே ஒரு ரேமும் மட்டும் இருக்கட்டும். இப்போது ஓடினால் ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். எதைச் சேர்த்ததும் துள்ளல் திரும்புகிறதோ அதுதான் காரணம். முன்பக்க யுஎஸ்பி துளைக்குள் பென் டிரைவைத் தலைகீழாகத் திணித்ததில் நாக்கு வளைந்து தகடுகள் ஒன்றையொன்று தொடுவதை டார்ச் அடித்துப் பாருங்கள்; பெரிய போர்டுப் பழுது போலத் தோன்றிய பல இதில் முடிந்துவிடும். போர்டை வெளியே எடுத்து மாட்டிய பிறகு இப்படி ஆகிறது என்றால், அடியில் துளை இல்லாத இடத்தில் பித்தளைத் தாங்கி ஒன்று நின்று போர்டைக் குத்துகிறதா என்று பாருங்கள்.

ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கிறது, திரை மட்டும் வரவில்லை, சாம்பல் ஒயரிலும் 5 வோல்ட் இருக்கிறது என்றால் எஸ்எம்பிஎஸ் பக்கம் வேலை முடிந்தது. பிராசசருக்கான 8 பின் மாட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, ரேமைக் கழற்றி அதன் தங்க விளிம்பைப் பென்சில் அழிப்பானால் தேய்த்துத் துடைத்து, இரண்டு பக்கமும் கிளிக் என்று விழும்படி அழுத்தி மாட்டுங்கள். ஈரமான ஊரில் இதுவே பாதி வைத்தியம். போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி 3 வோல்ட் காட்ட வேண்டும், 2.7க்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள்.

காலையில் ஓடாது, பத்து மணிக்கு ஓடும்

ஊட்டி, லவ்டேல், மஞ்சூர்ப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் இந்தப் புகார் அடிக்கடி வரும். விடியற்காலை ஐந்து முறை, பத்து முறை அமுக்க வேண்டியிருக்கிறது. வெயில் ஏறிய பிறகு முதல் தட்டிலேயே ஓடுகிறது. அதனால் பழுதே இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

காரணம் எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். உருளை வடிவப் பேட்டரி போல நிற்கும் அவற்றின் உள்ளே ஒரு திரவம் இருக்கிறது. வயதாக ஆக அது வற்றிக்கொண்டே போகும். குளிரில் அந்தத் திரவத்தின் வழியே மின்சாரம் நகர்வது கடினமாகி, உள்தடை கூடும். புதிதாக இருந்தால் இந்தக் கூடுதல் தடையைத் தாங்கிக்கொள்ளும். பாதி வற்றியது, உறைபனி விழுந்த காலையில் வோல்டேஜைச் சமமாகப் பிடித்து நிறுத்த முடியாமல் தவிக்கும். சாம்பல் ஒயரில் பதில் வராது. திரும்பத் திரும்ப அமுக்கும்போது ஒவ்வொரு முயற்சியிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகி, கடைசியில் ஒரு முறை எழுந்துவிடும்.

உறுதி செய்ய, காலையில் ஓடாத நேரத்தில் முடி உலர்த்தும் டிரையரை ஓரடி தள்ளிப் பிடித்து, எஸ்எம்பிஎஸ் கிரில் மீது ஐந்து நிமிடம் மிதமான சூட்டில் காட்டுங்கள். பிறகு முதல் தட்டிலேயே எழுந்தால் விடை கிடைத்துவிட்டது. ஆனால் தினமும் டிரையர் காட்டிக் காலம் தள்ள வேண்டாம். வற்றும் கெப்பாசிட்டர் 12 வோல்ட்டை அலையாக அனுப்பத் தொடங்கும். அந்த அலை போர்டின் மேல் உள்ள கெப்பாசிட்டர்களையும் டிஸ்க்கையும் சேர்த்துத் தேய்க்கும். போர்டின் மேல் நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையையும் இதோடு பார்த்துவிடுங்கள். தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பி, சிலுவைக் கோட்டில் பழுப்புக் கசிவு தெரிந்தால் அங்கேயும் வேலை இருக்கிறது.

குளிரில் இன்னொன்று. வண்டியில் வைத்து எடுத்துவந்த சில்லிட்ட பெட்டியை, கணப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்ததும் ஆன் செய்யக் கூடாது. கண்ணாடி டம்ளரில் வேர்ப்பது போல உள்ளேயும் வேர்க்கும். இரண்டு மணி நேரமாவது மூடியைத் திறந்து வைத்துக் காயவிடுங்கள். தென்மேற்கு மழை மாதங்களில் வாரக் கணக்கில் அணைத்து மூடி வைத்திருப்பதை விட, நாளுக்கு ஓரிரு மணி நேரம் ஓடவிடுவது நல்லது; உள்ளே பிறக்கும் சூடே ஈரத்தை விரட்டும். பெட்டி தரையில் இருக்க வேண்டாம், ஈரச் சுவரை ஒட்டியும் இருக்க வேண்டாம். சூடு தேடி எறும்பும் கரப்பானும் எஸ்எம்பிஎஸ் கிரிலுக்குள் குடியேறுவதும் இந்த மாதங்களில்தான்.

சில எஸ்எம்பிஎஸ், அடாப்டர் லேபிள்களில் மலைப் படமும் 2000 மீ என்ற எண்ணும் இருப்பதைப் பார்த்திருக்கலாம். 2000 மீட்டர் உயரம் வரைதான் அதைப் பரிசோதித்திருக்கிறார்கள் என்று பொருள். ஊட்டி சுமார் 2240 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். மெல்லிய காற்று சூட்டையும் குறைவாகத்தான் எடுத்துச் செல்லும், உயர் வோல்டேஜ் தாவாமல் தடுக்கும் திறனும் குறைவு. இதற்காகப் பதற வேண்டியதில்லை, ஊர்க் குளிர் பாதியை ஈடுகட்டிவிடும். வாங்கும்போது கொஞ்சம் கூடுதல் திறனுள்ளதாக வாங்கி, கிரிலில் தூசி அடையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

புது எஸ்எம்பிஎஸ்

கிராபிக்ஸ் கார்டு இல்லாத, தட்டச்சும் கணக்கும் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு 400 அல்லது 450 வாட் தாராளம். ஆனால் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணை நம்பாமல், லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரைப் பாருங்கள். 16 ஆம்பியர் என்று இருந்தால் 12ஐ 16ஆல் பெருக்க 192 வாட்தான். மேலே 450 என்று எழுதியிருந்தாலும் இன்றைய பிராசசருக்கு உதவுவது அந்த 192தான். உண்மையான 450 வாட்டில் 12 வோல்ட்டுக்கு 30 ஆம்பியருக்கு மேல் இருக்கும். 80 பிளஸ் முத்திரை (கரண்டை அதிகம் வீணாக்காது என்ற சான்று) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்; அவற்றில் பல 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். மாலையில் ஊரே கீசர் போடும்போது வோல்டேஜ் இறங்கினாலும் அணையாது. அதை ஒருமுறை லேபிளிலும் சரிபாருங்கள்.

ஒயர்களைக் கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால் பழைய ஒயர்களை அப்படியே விட்டுப் புதுப் பெட்டியை மட்டும் மாற்றாதீர்கள். போர்டுப் பக்க முனை ஒன்றாக இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் கம்பெனிக்குக் கம்பெனி வரிசை மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் டிஸ்க் அந்த நொடியே போய்விடும், அதிலுள்ள போட்டோக்களோடு.

மாட்டி முடித்ததும் ஓடும் நிலையில் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, ஊதா நான்கையும் அளந்து, தேதியோடு ஒரு துண்டுத் தாளில் எழுதி, கேபினெட் மூடியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அடுத்த மார்கழியில் அதே நான்கை மறுபடி அளந்து பக்கத்தில் எழுதுங்கள். 12.1 இருந்தது 11.6 ஆகியிருந்தால், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சொல்லி வைத்துவிடலாம்.